ஆட்டுப் பரணின் மரம் நீடித்து உழைக்க...
கழுவிக் காயவைத்து எண்ணெய் ஊட்டும் முறை

வெள்ளாடு வளர்க்கும் சிறு விவசாயிகள் பலர் பரண் முறையைக் கைக்கொண்டு வருகின்றனர். தரையிலிருந்து மூன்று அல்லது நான்கு அடி உயரத்தில் மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துத் தளம் அமைத்தால் புழுக்கையும் சிறுநீரும் இடுக்கு வழியே கீழே போய்விடும். ஆடுகள் ஈரமில்லாத இடத்தில் படுக்கும். குளம்பு அழுகல், இரத்தக் கழிச்சல், குடற்புழு ஆகிய தொல்லைகள் குறையும். எருவும் சிதறாமல் ஓரிடத்தில் சேரும்.

பரண் போட ஆகும் செலவில் கணிசமான பகுதி மரத்திற்கே போகிறது. அப்படிச் செலவு செய்து போட்ட பரணைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாலைந்து மழைக்காலம் கழிவதற்குள் சட்டத்தின் முனைகள் மெத்தென்று ஆகிவிடுகின்றன. ஓர் இரவு சட்டம் முறிந்து ஆட்டின் கால் இடுக்கில் மாட்டிக்கொண்ட பிறகுதான் மரம் உளுத்துப் போனது தெரிய வருகிறது. கால் முறிந்த சினையாட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பரண் முழுவதற்கும் ஆண்டுக்கொரு முறை எண்ணெய் பூச ஆகும் செலவு ஒரு சினையாட்டின் விலையைவிடக் குறைவு. ஆகவே பரண் மரத்தைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் ஊட்டுவதை ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதைப் போல ஆண்டு வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மரம் ஏன் கெடுகிறது?

மரம் வயதானதால் உளுத்துப் போவதில்லை. பழைய வீடுகளின் உத்திரங்கள் நூறு ஆண்டு கடந்தும் உறுதியாக இருப்பதைக் காண்கிறோம். அவை மழை படாமல் காற்றோட்டத்தில் இருப்பதே அதற்குக் காரணம். மரத்தை உளுக்கச் செய்வது பூசணம். காய்ந்த மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக ஈரம் இருந்தால் பூசணம் வளர முடியாது. அதற்கு மேல் ஈரம் ஏறி நாட்கணக்கில் நிலைத்தால் பூசணம் மரத்தைத் தின்னத் தொடங்கும். ஒரு நாள் நனைந்து மறுநாள் காய்ந்துவிடும் மரம் எளிதில் கெடாது. நனைந்தது காயாமல் கிடக்கும் இடங்கள்தான் முதலில் போகும்.

பரணில் அத்தகைய இடங்கள் நான்கு. சட்டங்கள் குறுக்குக் கட்டையின் மேல் உட்காரும் இடம் முதலாவது. அங்கே புழுக்கை அடைத்துக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டாவது சட்டங்களின் அறுத்த முனைகள். மரத்தின் பக்கவாட்டைவிட முனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். மூன்றாவது ஆணி அடித்த இடம். நான்காவது தூண்கள் மண்ணைத் தொடும் இடம்.

வெயிலும் மரத்திற்குப் பகைதான். வெயில் படும் பலகை சாம்பல் நிறமாகி, மேல் நார் தளர்ந்து, சிராய் கிளம்பும். இது உளுப்பு அன்று. மேல்தோல் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஆனால் தளர்ந்த நாரில் நீர் எளிதில் ஏறும். வெடிப்பும் விழும். சாரல் அடிக்கும் ஓரச் சட்டங்களும் ஆடுகள் ஏறி இறங்கும் ஏறுபலகையும் இதனால் முதலில் பழுதாகின்றன.

கரையான் மண்ணிலிருந்து ஏறுகிறது. மண் குழாய் கட்டிக்கொண்டு தூண் வழியே வந்து மரத்தின் உள்ளே சென்று தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. மரத்தைத் துளைத்து மாவாக உதிர்க்கும் வண்டு வேறு வகை. அது பெரும்பாலும் மரத்தின் வெளிறுப் பகுதியிலும் மூங்கிலிலும் விழும். வைரம் பாய்ந்த பகுதியை அவ்வளவாகத் தொடாது. எனவே புதிதாகச் சட்டம் வாங்குவோர் வெளிறு இல்லாத வைரச் சட்டமாகப் பார்த்து வாங்குவது நலம். வைரம் பாய்ந்த கருவேல், தேக்கு, வேங்கை ஆகியவை நன்கு உழைக்கும். இடித்த ஓட்டு வீடுகளிலிருந்து கிடைக்கும் பழைய பனஞ்சட்டம் முற்றியதாக இருந்தால் அதுவும் ஏற்றது. பச்சை மரத்தை அறுத்த உடனே அடிக்கக் கூடாது. ஓர் அங்குலக் கனச் சட்டம் நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கினால் காய மூன்று நான்கு மாதங்களாவது ஆகும்.

முதலில் சோதனை

கழுவத் தொடங்குமுன் பரணைச் சோதிக்க வேண்டும். கத்தி முனை அல்லது தச்சர் வைத்திருக்கும் ஊசி ஒன்று இதற்குப் போதும். மேலே சொன்ன நான்கு இடங்களிலும் முனையை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் முனை இறங்காது. நெம்பினால் நார் நீளமாகக் கிளம்பும். கெட்ட மரத்தில் முனை எளிதாக இறங்கும். நெம்பினால் துண்டு துண்டாக உடையும். அத்தகைய சட்டத்திற்கு எந்த எண்ணெய் பூசினாலும் பயனில்லை. மாற்றிவிட வேண்டும். முனை மட்டும் கெட்டிருந்தால் கெட்ட பகுதியையும் அதற்கு அப்பால் ஓர் அடி நல்ல மரத்தையும் வெட்டி நீக்கிவிட்டு, மிஞ்சியதை வேறு இடத்தில் பயன்படுத்தலாம்.

தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் நன்று. பொத்தென்று ஒலித்தால் உள்ளே கரையான் தின்றிருக்கும். தலை நீட்டிய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, துத்தநாகப் பூச்சுள்ள ஆணியோ திருகாணியோ போட வேண்டும். சாதாரண ஆணி துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

இடைவெளியையும் அளந்து பார்ப்பது நல்லது. பெரிய ஆடுகளுக்கு அரை அங்குலம் வரை இருக்கலாம். குட்டிகள் இருக்கும் பகுதியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது. சட்டம் காயக் காயச் சுருங்குவதால் இடைவெளி சற்றுப் பெருகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணெய் ஏற்ற காலம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை மாதப் பிற்பகுதியும் மாசியும் இந்த வேலைக்கு ஏற்ற காலம். மழை பயம் இல்லை. காற்று உலர்ந்திருக்கும். வெயிலும் கொளுத்தாது. தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெறும் கன்னியாகுமரி, நீலகிரி, தென்காசிப் பகுதியினர் வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆடுகளை ஒரேயடியாக வெளியேற்ற முடியாதவர்கள் பரணை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பாதியில் ஆடுகளை அடைத்து, மறு பாதியில் வேலை செய்து, காய்ந்த பின் மாற்றிக்கொள்ளலாம். ஈனும் நிலையில் ஆடுகள் இருந்தால் குட்டி போட்டு ஒரு மாதம் ஆகும் வரை பொறுத்திருப்பது நலம்.

புதிதாகப் பரண் அமைப்போர் சட்டங்களை நான்கடிக்கு மூன்றடி தட்டிகளாக அடித்து, குறுக்குக் கட்டையின் மேல் போல்ட் போட்டுப் பொருத்துவது சிறந்தது. கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவலாம். அடிப்பக்கத்திலும் முனையிலும் எண்ணெய் பூசலாம். ஒரு தட்டி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆணி அடித்து நிலையாகப் போட்ட பரணில் அடிப்பக்கத்திற்குப் பூசுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும்.

கழுவும் முறை

முதல் வேலை உலர்ந்த சுத்தம். இடுக்குகளில் அடைத்திருக்கும் புழுக்கையையும் தழைக் குச்சிகளையும் தகட்டுக் கரண்டியால் கிளறிக் கீழே தள்ள வேண்டும். பிறகு கம்பித் துடைப்பமோ தென்னை ஈர்க்குத் துடைப்பமோ கொண்டு மர ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் நார் கிழியும். பரணுக்கு அடியில் குவிந்த எருவையும் இப்போதே அள்ளிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் கழுவும் நீர் எருவில் தேங்கி, அந்த ஆவி மேலே ஏறி மரத்தைக் காயவிடாது.

அடுத்து சலவைச் சோடாக் கரைசல். பத்து லிட்டர் சுடுநீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். சமையலுக்கு வைத்திருக்கும் ஆப்பச் சோடா வேறு. அது இதற்கு உதவாது. இக்கரைசல் சாணப் பிசுக்கையும் பழைய எண்ணெய்ப் பிசினையும் கரைத்து எடுக்கும். நோய்க் கிருமிகள் பலவற்றையும் கொல்லும். கையுறை அணிந்து கொண்டு, கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பின் தேய்த்து, நல்ல நீரால் இரண்டு முறை அலச வேண்டும். சோடா எச்சம் மரத்தில் இருந்தால் பிறகு பூசும் எண்ணெய் ஒட்டாது. தேக்கு, கருவேல் போன்ற மரங்கள் சோடா பட்டால் கருத்துப் போகும். அதனால் மரத்திற்குக் கேடு இல்லை.

சோடாக் கழுவல் ஆண்டுக்கு ஒரு முறை, எண்ணெய் பூசுவதற்கு முன்பு மட்டுமே. மாதா மாதம் சோடா போட்டால் பூசிய எண்ணெயை அதுவே கழுவி எடுத்துவிடும். மற்ற நாட்களில் துடைப்பத்தால் உலர்ந்த சுத்தம் செய்தாலே போதும். நாள்தோறும் பரணை நீர் ஊற்றிக் கழுவுவது சிலரின் வழக்கம். அது பரணைச் சுத்தமாக வைப்பதாகத் தோன்றினாலும் மரத்தை ஈரத்திலேயே வைத்துப் பூசணத்தை வளர்க்கும். ஆட்டுக் குளம்புக்கும் ஆகாது.

பிளீச்சிங் பவுடரைப் பரண் மரத்தில் தூவுவதைத் தவிர்க்க வேண்டும். அது மர நாரை அரிக்கும். மேலும் ஆட்டுச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவோடு அது சேரும்போது கண்ணையும் மூச்சையும் தாக்கும் நச்சு வாயு உண்டாகும். நோய் கண்ட ஆடு கிடந்த இடத்தைச் சுத்தம் செய்ய என்ன மருந்து தெளிப்பது என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்வதே முறை.

காய்ந்தால்தான் குடிக்கும்

கழுவிய அன்றே எண்ணெய் பூசுவது வீண் வேலை. நீர் குடித்திருக்கும் மரம் எண்ணெயைக் குடிக்காது. அது மேலேயே நின்று பிசுபிசுக்கும். உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேற வழியின்றி அடைபட்டுப் போகும். நல்ல வெயில் உள்ள நாளாக நான்கு நாட்களாவது காயவிட வேண்டும். கழற்றக் கூடிய தட்டிகளைச் சுவரில் சாய்த்து இருபக்கமும் காற்றுப் படும்படி வைக்க வேண்டும்.

மரம் காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. கைப்பிடி அளவு பாலித்தீன் தாளைச் சட்டத்தின் மேல் வைத்து நான்கு ஓரமும் ஒட்டி ஓர் இரவு விட வேண்டும். காலையில் தாளின் உட்புறம் வேர்வை போல் நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

காய்ந்த பின், சிராய் கிளம்பிய இடங்களை முரட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஆட்டின் மடியிலும் குளம்பிடுக்கிலும் சிராய் ஏறினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். ஆனால் இழைப்புளி போட்டு வழவழப்பாக்கிவிடக் கூடாது. வழுக்கும் பரணில் ஆடு நிற்கப் பயப்படும். தேய்த்த தூளைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

பெயிண்டா, எண்ணெயா?

பலரும் பெயிண்ட் அடித்தால் மரம் நிலைக்கும் என்று எண்ணுகின்றனர். கதவுக்கும் சன்னலுக்கும் அது பொருந்தும். மிதிபடும் தளத்திற்குப் பொருந்தாது. பெயிண்ட் மரத்தின் மேல் தோல் போல் படிகிறது. ஆட்டுக் குளம்பு பட்டதும் அத்தோல் கீறிவிடும். கீறல் வழியே இறங்கிய சிறுநீரும் மழைநீரும் தோலுக்கு அடியில் தங்கி வெளியேற முடியாமல் மரத்தை உள்ளேயே உளுக்கச் செய்யும். போதாக்குறைக்கு உரியும் பெயிண்டை ஆடுகள் கடித்துத் தின்னும். வார்னிஷும் இப்படியே.

எண்ணெய் தோலாகப் படியாமல் மர நாருக்குள் ஊறுகிறது. உள்ளே ஏறி உறைந்த எண்ணெய் நீரை விலக்குகிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகப் போகவும் இடம் விடுகிறது. தேய்ந்தால் உரியாது, மெல்ல மங்கும். மறுபடி பூசும்போது பழையதைச் சுரண்ட வேண்டிய அவசியமும் இல்லை. வெளிநாடுகளில் வீட்டு முற்றத்தில் மரத்தளம் போடுவோரும் மிதிபடும் பலகைக்குப் பெயிண்டைத் தவிர்த்து, நிறம் கலந்த ஊறும் எண்ணெயைப் பூசுவது இதே காரணத்தால்தான்.

எந்த எண்ணெய்?

காற்றுப் பட்டு உறையும் எண்ணெயே வேண்டும். ஆளிவிதை எண்ணெய் அவ்வகையைச் சேர்ந்தது. பெயிண்ட் கடைகளில் பச்சை எண்ணெய், காய்ச்சிய எண்ணெய் என இரண்டும் கிடைக்கும். பச்சை எண்ணெய் உறையப் பல நாட்கள் பிடிக்கும். காய்ச்சிய எண்ணெய் இரண்டு மூன்று நாளில் உறையும். பரணுக்குக் காய்ச்சியதே வசதி. கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவை உறைவதில்லை. பூசினால் பிசுக்காகவே நின்று தூசியையும் எறும்பையும் சேர்க்கும்.

வேப்பெண்ணெயின் கசப்பு பூச்சிகளை ஓரளவு விலக்கும். ஆனால் அது நன்றாக உறையாது, மழையில் போய்விடும். அதை மட்டும் நம்பியிருப்போர் ஆண்டில் மூன்று நான்கு முறை பூச வேண்டியிருக்கும். ஐந்து பங்கு ஆளிவிதை எண்ணெயில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வேப்பெண்ணெய் கலந்து கொள்ளலாம்.

முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் கரையானுக்கும் பூசணத்திற்கும் நல்ல காப்பு. மீனவர்கள் மரப் படகுகளுக்குப் பூசுவது இதைத்தான். பண்ருட்டி போன்று முந்திரி ஆலைகள் உள்ள பகுதிகளில் விசாரித்து வாங்கலாம். ஆனால் இந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும். எனவே தூண்களுக்கும் குறுக்குக் கட்டைகளின் அடிப்பக்கத்திற்கும் மட்டும், கையுறை அணிந்து பூச வேண்டும். ஆடு படுக்கும் சட்டங்களுக்கு இது கூடாது.

வெயில் படும் இடங்களுக்குக் காவி சேர்ப்பது நல்ல பயன் தரும். காவி என்பது இரும்புத் துருவின் இனம். அதன் துகள்கள் வெயிலை மர நாருக்குப் போகவிடாமல் தடுக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 50 கிராம் சன்னமான காவிப்பொடியைக் கலந்து, துணியில் வடித்து ஏறுபலகைக்கும் ஓரச் சட்டங்களுக்கும் பூசலாம். நிறம் தெரியாத எண்ணெய் வெயிலில் ஓராண்டு தாங்குவதே அரிது. காவி கலந்தது அதைவிட நீடிக்கும். பழைய நாளில் இரும்புக்கு அடித்து வந்த சிவப்பு ஈயப் பொடியும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். அது கொடிய நஞ்சு. கடையில் கேட்டுத் தெளிந்து வாங்க வேண்டும்.

எவ்வளவு தேவை?

இருபது அடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட பரணை எடுத்துக்கொள்வோம். தளம் 200 சதுர அடி. ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்ற கணக்கில் பெரிய ஆடுகள் 18 வரை இதில் கிடக்கலாம். சட்டம் மூன்று அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம், இடைவெளி அரை அங்குலம் என்றால், சட்டத்தின் நான்கு பக்கமும் சேர்த்துப் பூச வேண்டிய பரப்பு ஏறக்குறைய 480 சதுர அடி ஆகும். ஒரு லிட்டர் எண்ணெய் 80 சதுர அடிக்கு வரும் என்று கொண்டால் முதல் பூச்சுக்கு ஆறு லிட்டர் வேண்டும். இரண்டாம் பூச்சுக்குக் குறைவாகவே பிடிக்கும். இழைக்காத முரட்டுச் சட்டமானால் இன்னும் சற்று அதிகமாகக் குடிக்கும். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் சட்டங்களின் முனை, குறுக்குக் கட்டையில் உட்காரும் இடம், சாரல் படும் ஓரச் சட்டங்கள் ஆகியவற்றுக்கு முதலில் பூசிக்கொள்ள வேண்டும். கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

பூசும் முறை

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பூசுவது நல்லது. பகல் வெயிலில் சூடேறிய மரம் மாலையில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி எண்ணெயை உள்ளே இழுக்கும். உச்சி வெயிலில் பூசினால் எண்ணெய் ஊறுவதற்குள் மேலேயே கெட்டிப்பட்டுவிடும். பனி இறங்கும் நாளானால் பூசிய தட்டிகளைக் கூரைக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

முதல் பூச்சுக்கு மூன்று பங்கு எண்ணெயில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்து கொண்டால் ஆழமாக இறங்கும். அகலமான பிரஷால் ரேகை போகும் திசையில் பூச வேண்டும். அறுத்த முனைகளுக்கு மட்டும் குடிக்கக் குடிக்க நாலைந்து முறை வைக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து, ஊறாமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் அது பிசினாகி வழுக்கும். மூன்று நாள் கழித்து, கலக்காத எண்ணெயை இரண்டாம் பூச்சாக மெல்லியதாகப் பூசித் துடைக்க வேண்டும்.

கையில் ஒட்டாமலும் வாடை போயும் இருந்தால்தான் ஆடுகளை ஏற்றலாம். குறைந்தது ஒரு வாரம் பொறுப்பது நல்லது. உப்புச் சத்து குறைந்த ஆடுகள் மரத்தை நக்கும், கடிக்கும். தாது உப்புக் கட்டியைப் பரணில் கட்டித் தொங்கவிட்டால் மரமும் பிழைக்கும், ஆட்டுக்கும் நல்லது.

எண்ணெய்த் துணியில் தானே பற்றும் தீ

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. எண்ணெய் உறையும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேறாமல் கூடிக்கூடி, நெருப்பு வைக்காமலேயே சில மணி நேரத்தில் துணி தீப்பற்றிக்கொள்ளும். கூரைக் கொட்டகையும் வைக்கோற்போரும் பக்கத்தில் இருக்கும் வீட்டில் இது எத்தகைய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் துணிகளை வாளி நீரில் அமுக்கி வைக்க வேண்டும். அல்லது வெட்டவெளியில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயப்போட்டு, நன்றாக விறைத்துக் காய்ந்த பின் புதைத்துவிட வேண்டும். டர்பன்டைன் கலக்கும் இடத்தில் பீடியோ அடுப்போ கூடாது.

பூசக் கூடாதவை

காசு மிச்சம் என்று டிராக்டரிலும் பம்ப்செட்டிலும் வடித்த கழிவு எண்ணெயைப் பரணுக்குப் பூசுவோர் உண்டு. அதில் உலோகத் தேய்மானமும் புகைக் கசடும் கலந்திருக்கும். ஆடுகள் நக்கினால் நஞ்சாகும். கீழே சொட்டியது எருவில் கலந்து வயலுக்கும் போய்ச் சேரும்.

மயில்துத்தம் பூசணத்தைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் செம்புச் சத்து செம்மறியாடுகளின் உடலில் சேர்ந்து ஈரலைத் தாக்கிச் சாவை உண்டாக்கும். வெள்ளாடு ஓரளவு தாங்கினாலும் ஆடு நக்கக் கூடிய மரத்தில் துத்தம் ஏற்றுவது தகாது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் என்ற இந்திய அறிஞர் 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் கம்பங்களுக்கும் கட்டட மரங்களுக்கும் அது பயன்பட்டது. ஆர்செனிக் கசிவைக் கருதி, அமெரிக்காவில் வீட்டு மரத்தளங்களுக்கு அம்மருந்து ஏற்றிய மரத்தைச் செய்வது 2003-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. கம்பத்திற்கு ஏற்ற அந்த மரம் ஆடு படுக்கும் இடத்திற்கு ஏற்றதன்று. பழைய மின்கம்ப மரத்தையோ, தார் எண்ணெய் ஏற்றிய பழைய ரயில் கட்டையையோ மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பரண் போடக் கூடாது. அவற்றை அடுப்பிலும் எரிக்கக் கூடாது.

முன்பு கரையானுக்குத் தூவி வந்த ஆல்டிரின் 1996-லும் பி.எச்.சி. 1997-லும் நாட்டில் தடை செய்யப்பட்டன. வீட்டு மூலையில் பழைய டப்பா எஞ்சியிருந்தாலும் அதைத் தொடாதிருக்க வேண்டும்.

கரையானைத் தடுக்க

கரையானுக்கு மருந்தைவிட அமைப்பே முக்கியம். மரத் தூணை மண்ணில் நேரே நடாமல் கருங்கல் அல்லது சிமெண்ட் கால்மேல் ஓர் அடி உயரத்தில் நிறுத்த வேண்டும். தூணின் முனையைத் தீயில் கருக்கி நடுவது பழைய வழக்கம். கருகுவது மேல்தோல் மட்டுமே. வெடிப்பு வழியே கரையான் உள்ளே போய்விடும். கல் காலுக்கும் மரத்திற்கும் இடையே துத்தநாகத் தகடு ஒன்றை வைத்து, அதன் ஓரம் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி வளைந்திருக்கும்படி செய்தால், கரையான் அதைச் சுற்றிக்கொண்டுதான் மண் குழாய் கட்ட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒரு முறை பார்த்துத் தட்டிவிட்டால் போதும். பரணுக்கு அடியில் எரு குவிந்து சட்டத்தைத் தொடும் வரை விட்டால் கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்தது போலாகும்.

மூங்கில் பரண் போடுவோர் வெட்டிய மூங்கிலை மூன்று நான்கு வாரம் குளத்திலோ தொட்டியிலோ அமுக்கி ஊறவைத்துப் பின் நிழலில் உலர்த்த வேண்டும். மூங்கிலிலுள்ள மாவுச்சத்து நீரில் கரைந்து போவதால் வண்டு விழுவது குறையும்.

ஆண்டு முழுவதும் கவனிக்க

எண்ணெய் இன்னும் வேலை செய்கிறதா என்பதை ஒரு சொட்டு நீரே சொல்லிவிடும். நீரைத் தெளித்தால் முத்து முத்தாக நின்றால் மரம் காப்பில் இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் ஊறிக் கருத்துவிட்டால் மறுபடி எண்ணெய் வேண்டும். புரட்டாசியில், பெருமழைக்கு முன் இச்சோதனையைச் செய்து, ஊறும் இடங்களுக்கு மட்டும் ஒரு பூச்சுப் பூசிவிடலாம். அப்போது சோடாக் கழுவல் வேண்டாம். உலர்ந்த சுத்தமே போதும்.

கூரையில் ஒழுக்கு இருந்தால் எண்ணெய்க்கு முன் அதை அடைக்க வேண்டும். சாரல் வரும் பக்கம் கூரையை இரண்டடி நீட்டிப் போட வேண்டும். நாள்தோறும் இடுக்கைப் பெருக்குதல், வாரம் ஒரு முறை தூணைப் பார்த்தல், புரட்டாசியில் நீர்ச் சோதனை, மாசியில் கழுவி எண்ணெய் ஊட்டல் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டால் போதும்.

பூச்சு எவ்வளவு உயர்ந்ததாயினும் ஈரத்தில் கிடக்கும் மரத்தைக் காப்பாற்றாது. காயும் மரத்தைத்தான் எண்ணெய் காக்கும். முதலில் பரண் காய வழி செய்துவிட்டு, பிறகு எண்ணெய் டப்பாவைத் திறப்பதே சிக்கனம்.